பதினைந்து வருடம், பதினோராயிரம் கிலோமீட்டர்

1

இங்கிலாந்தின் வடபகுதியில், வருடத்தில் முக்கால்வாசி நாள் தூறிக்கொண்டே இருக்கிற ஒரு சின்ன ஊரில், கார்களுக்குப் பரீட்சை வைத்துப் பிழைக்கிறேன். இந்த நாட்டில் மூன்று வயதைத் தாண்டிய ஒவ்வொரு காரும் வருடத்துக்கொரு தடவை என்னைப் போன்ற ஓர் ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் பாஸ் என்றால் ரோட்டில் ஓடலாம். ஃபெயில் என்றால் ஓரங்கட்ட வேண்டியதுதான். பின்பக்க நம்பர் பிளேட்டுக்கு மேலே குண்டுமணி அளவில் ஒரு பல்பு இருக்கும். அது எரியாவிட்டாலும் ஃபெயில். பத்தொன்பது வருடமாக இதையே செய்து செய்து, மனிதர்கள் மேல் எனக்கு இருந்த மரியாதை மொத்தமும் தேய்ந்துவிட்டது.

வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். வண்டி அருமையாக ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை என்பார்கள். தூக்கிப் பார்த்தால் பிரேக் கட்டை தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருக்கும். ஆயில் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால், ஆயில் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல முழிப்பார்கள்.

நம் ஆட்கள் இன்னொரு ரகம். இங்கே உள்ள கோயிலில் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தாலே தெரியும். மூன்று வருடத்துக்கொரு புதுக் கார், எல்லாம் மாதத் தவணையில். வாங்கிய அன்றைக்கே அதன்மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பியாகிவிடும். பானட்டைத் திறக்கிற கொக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது. இவர்களோடு சேர்ந்து சுண்டல் தின்பதற்குக்கூட எனக்குப் பிடிப்பதில்லை.

என் மகள் நிலாவுக்கு இருபது வயது. அவளுக்குக் கார் என்பது போனில் இருக்கிற ஒரு பொத்தான். அமுக்கினால் தெருவில் நிற்கிற ஏதோ ஒரு கார் கதவைத் திறக்கும், மணிக்கணக்கில் ஓட்டிவிட்டு எங்கேயாவது விட்டுவிட்டுப் போய்விடலாம். "காரை எதுக்கு டாடி பாத்துக்கணும்?" என்று இங்கிலீஷில் கேட்பாள். அவள் தமிழ் பேசுவது பசிக்கும்போது மட்டும்தான், அதுவும் "சோறு" என்ற ஒரே ஒரு சொல்.

நான் அப்படியில்லை. என்னுடைய சொந்தக் கார் பதினாலு வருடத்து செடான். இரண்டு லட்சம் மைலை எப்போதோ தாண்டிவிட்டது. அதன் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை தவறியிருக்காது. நிலாவின் பிறந்தநாளை இரண்டு தடவை மறந்திருக்கிறேன், ஆயில் மாற்றுகிற தேதியை மறந்ததில்லை. இதைப் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன பங்குனியில் அப்பா போன் செய்தார். அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டதும், திங்களும் வியாழனும் பொள்ளாச்சிக்கு டயாலிசிஸுக்குப் போய்வருவதும் எனக்கு முன்பே தெரியும். அவர் சொன்னது வேறு.

"கண்ணு, நம்ம காருக்குப் பதினஞ்சு வருசம் முடியப் போகுதாமா. ஆர்சிய புதுப்பிக்கோணுமாமா. உன்ற பேர்ல இருக்கறதுனால நீயே வந்து கையெழுத்துப் போடோணுங்கறாங்க."

ஆர்சி காலாவதியானால் காரை எடுக்க முடியாது, அம்மா பஸ்ஸில் போக வேண்டிவரும் என்று எனக்குப் பதறியது. இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிற பொம்பிளை கோபாலபுரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதா? மூன்று வார லீவு எழுதிக் கொடுத்தேன். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நிலாவுக்கு விருப்பம் கிடைக்கவில்லை. நான் மட்டும் கிளம்பினேன்.

2

எங்கள் ஊர் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டில் பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். அரிசி வாங்க இந்தப் பக்கம், துணி வாங்க அந்தப் பக்கம். கார் வாங்குவதும் அப்படித்தான். அந்தப் பக்கம் வரி குறைவு என்பதால் எல்லையோரத்து ஆட்கள் பலர் ஒரு வேலை செய்வார்கள். பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ இருக்கிற மாமன் மச்சான் விலாசத்தைக் கொடுத்துத் தமிழ்நாட்டு நம்பர் வாங்கி, காரைக் கேரளாவில் உள்ள தோட்டத்தில் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வார்கள். அதைச் சாமர்த்தியம் என்று வேறு சொல்லிக்கொள்வார்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது நானும் அந்தச் சாமர்த்தியத்தைத்தான் செய்தேன். வெள்ளை செடான், என் பெயர், பொள்ளாச்சியில் இருந்த என் தாய்மாமன் விலாசம். அப்பா அம்மாவுக்கென்று வாங்கியது என்று ஊர் முழுக்கச் சொன்னேன்.

நான் போய் இறங்கியதும் அம்மாவைப் பார்த்தேன். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன, முகம் சின்னதாகியிருந்தது. பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். பிறகு அப்பாவிடம், "காரைக் காட்டுங்கப்பா" என்றேன்.

அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. ஆயுளெல்லாம் டிராக்டர் ஓட்டியவர், தென்னந்தோப்புக்காரர். காருக்கென்று ஓடு வேய்ந்து தனியாக ஷெட் கட்டியிருந்தார். மாட்டுக் கொட்டகை ஒழுகிற்று, ஷெட் ஒழுகவில்லை. மேலே ஒரு தார்ப்பாய், அதன் கீழே ஒரு துணி உறை, அதற்கும் கீழே அம்மாவின் பழைய சேலை ஒன்று. மூன்றையும் உரித்தபோது கார் கண்ணாடிபோலப் பளபளத்தது. டயரில்கூட ஏதோ எண்ணெய் தடவியிருந்தார். எலி வராமலிருக்க நான்கு பக்கமும் புகையிலை, பாச்சை உருண்டை.

"வெள்ளிக்கெழமை தவறாம ஸ்டார்ட் பண்ணீருவேன். பத்து நிமிசம் ஓட உட்டு, ரெண்டு அடி முன்னால, ரெண்டு அடி பின்னால" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

வழக்கம்போல முதலில் மீட்டரைப் பார்த்தேன். பதினோராயிரத்துச் சொச்சம். போன லீவில் நான் விட்டுவிட்டுப் போன அதே எண். அந்தப் பதினோராயிரமும் நான் லீவில் வரும்போது ஓட்டியதுதான். பழனி, ஊட்டி, அப்புறம் தேயிலை மலையில் இருக்கிற சித்திரபுரத்தில் என் மாமனார் வீடு. எஸ்டேட் ஏற்றத்தில் ஏறி இறங்கினால் என் மனைவியின் அண்ணன்மார்கள் வெளியே வந்து, "ஏலே, சீமைக்காரரு பெரிய வண்டியில வந்துட்டாருலே" என்று கேலி பேசுவார்கள். அதற்காகவே ஏறுவேன்.

"அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இதுல கூட்டிட்டுப் போறதில்லீங்களா?"

"பஸ்ஸு ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்குதே" என்றார் அப்பா.

எட்டு மாதமாக, வாரம் இரண்டு தடவை, ஷெட்டில் காரை வைத்துக்கொண்டு பஸ்ஸில்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். பெட்ரோல் செலவுக்குப் பார்த்துப் பெண்டாட்டியை நிற்கவைத்துக் கூட்டிப்போகிற மனிதர் என்று நினைத்தேன். இந்த மண்ணே இப்படித்தான், துடைப்பதைப் பராமரிப்பு என்று நினைக்கிற ஜனங்கள் என்றும் நினைத்தேன். ஓடாத வண்டிதான் சீக்கிரம் சாகும். ரப்பர் காய்ந்து வெடிக்கும், பிரேக் எண்ணெயில் ஈரம் ஏறும், பெட்ரோல் கெட்டுப் பிசினாகும். இதையெல்லாம் அப்பாவுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டார், உட்காரவில்லை.

3

திங்கட்கிழமை காலையில் நானே ஓட்டினேன். அப்பா என் பக்கத்தில், அம்மா பின்னால் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு. பத்தொன்பது வருடம் பரீட்சை வைத்தவன் அன்றைக்கு என்ன பார்த்தேன் என்று கேளுங்கள். ஆயில் பார்த்தேன், டயரில் காற்றுப் பார்த்தேன். தீர்ந்தது. கார் அவ்வளவு பளபளப்பாக இருந்தது. ஹேண்ட் பிரேக்கை விடுவித்து நகர்த்தியபோது பின்னாலிருந்து "டக்"கென்று ஒரு சத்தம் வந்தது. இங்கிலாந்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் சக்கரத்தைக் கழற்றாமல் விட்டிருக்க மாட்டேன். அங்கே, இருபது கிலோமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன்.

செக்போஸ்ட்டுக்கு நூறு அடி இருக்கும்போது நாற்றம் வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்சக்கரத்திலிருந்து புகை. பிரேக் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஓரமாக நிறுத்தினேன். பத்து மணிக்கு அம்மாவுக்கு மிஷின் ஒதுக்கியிருந்தார்கள். தவறினால் அன்றைக்கு முழுவதும் கிடைக்காமலும் போகலாம். அம்மாவின் முகத்தில் வியர்வை. நான் டயரை உதைத்துக்கொண்டு நின்றேன்.

சாலையில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர் புகையைப் பார்த்துவிட்டு வந்தார். முதலில் நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"தமிழ்நாடு வண்டியா? எத்ர நாளாயி இது இவிடெ?"

எனக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடு என்று ஒரு காலத்தில் இருந்தது. இப்போது வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ்தான் வந்தது. "ஞான்... ஞான் லீவில் வந்நதாணு சார்" என்று இழுத்தேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மாவின் கையில் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடம் தெரிந்தது.

"ஆத்யம் அம்மயெ வேறெ வண்டியில் கேற்றி விடூ" என்றார். முதலில் அம்மாவை வேறு வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, மேலே கேட்காமல் போய்விட்டார். அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்து, இங்கிலாந்துப் பழக்கத்தில் "சியர்ஸ்" என்று சொல்லித் தொலைத்தேன். காலை ஒன்பது மணிக்கு இந்த ஆள் குடித்திருக்கிறானா என்று திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர்மேல் தப்பில்லை.

அதற்குள் பொள்ளாச்சி பஸ் வந்துவிட்டது. அப்பா கையைக் காட்டவே இல்லை. எங்களைப் பார்த்துவிட்டு டிரைவரே நிறுத்தினார். கண்டக்டர் இறங்கி வந்து அம்மாவின் தோளைப் பிடித்து ஏற்றினார்.

"பாத்து வாங்கம்மணி. உங்க சீட்டுல ஆள எழுப்பியாச்சுங்க, உக்காருங்க." பிறகு காரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம். "ஏனுங்க, காரு வாங்கிட்டீங்களாட்ட இருக்குது? சொல்லவே இல்லீங்களே!"

அந்த மனிதர் அந்த வழியில் ஒன்பது வருடமாக ஓடுகிறாராம். எங்கள் வீட்டில் கார் இருப்பதே அவருக்குத் தெரியாது. அப்பா சிரித்து மழுப்பிவிட்டு ஏறிக்கொண்டார். அம்மா சன்னல் வழியாக எனக்குக் கையை ஆட்டினார், ஏதோ நான்தான் ஊருக்குப் போகிறவன்போல. புகைகிற வண்டியோடு நான் ரோட்டோரம் நின்றேன். அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

4

கோபாலபுரத்து மெக்கானிக் மயில்சாமி என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவனிடம் தூக்கி நிறுத்தும் மேடை கிடையாது, ஒரு ஜாக்கியும் இரண்டு பனந்துண்டும்தான். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிப் பிரித்தான். உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, ஹேண்ட் பிரேக்கப் போட்டுப்போட்டே நிறுத்தி வெச்சிருந்தீங்களா?"

"அப்பாதான் நிறுத்தி வெச்சிருந்தாரு."

"வருசக்கணக்கா இழுத்தே வெச்சிருந்தா கேபிள் துருவேறி, அப்பறம் லிவரை எறக்குனாலும் கட்டை டிரம்ம உடாதுங்க. கியருல போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சா போதுமே. ஆரு சொன்னாங்க உங்கப்பாருக்கு ஹேண்ட் பிரேக் போடச் சொல்லி?" டயரின் பக்கவாட்டை நகத்தால் கீறிக் காட்டினான். வரி வரியாக வெடித்திருந்தது. "நூலளவுகூடத் தேயாத டயருங்க. ஆனா செத்த டயரு."

அந்தப் பயலின் வாயில் நான் சொல்ல வேண்டிய தீர்ப்பு. எனக்கு அப்பாமேல்தான் கோபம் ஏறிற்று. அன்று பொழுதோடு அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அம்மா கட்டிலில் சாயக்கூட இல்லை, நான் ஆரம்பித்துவிட்டேன்.

"பொறுப்புன்னு ஒண்ணு வேண்டாமுங்களாப்பா? ஹேண்ட் பிரேக்கப் போட்டு எதுக்கு நிறுத்துனீங்க? பதினஞ்சு வருசத்துல ஒரு நாளாச்சும் ரோட்டுல எடுத்தீங்களா? தொடச்சு வெச்சு யாருக்குக் காட்டறதுக்கு?"

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் குரலில் கோபமே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

"ஹேண்ட் பிரேக் போடாம எறங்காதீங்கன்னு நீதான சாமி சொன்னே. வண்டி எடுத்த மக்யா நாளே சொன்னியே. கல்ரோட்டுல ஓட்டாதீங்க, சஸ்பென்ஷன் போயிருமுன்னே. நம்மூட்டுல இருந்து தார்ரோடு வரைக்கும் கல்ரோடுதான. செக்போஸ்ட்டுல வெளிநம்பர் வண்டியெல்லாம் புடிக்கறாங்களாமா, நான் இல்லாதப்ப அந்தப் பக்கம் கொண்டு போகாதீங்க, புடிச்சு வெச்சுப்போட்டா நான் அங்கிருந்து வந்து எடுக்க முடியாதுன்னே. தேங்கா ஏத்தாதீங்கன்னே. ஒருத்தருக்கும் சாவி குடுக்காதீங்கன்னே. வெயில்ல நிறுத்துனா பெயிண்ட் போயிருமுன்னே. அப்பறம் எங்கதான் கண்ணு ஓட்டறது? உள்ளாரயே வெச்சுட்டேன். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஸ்டார்ட் பண்ணச் சொன்னே. ஒரு வெள்ளிக்கெழமை தப்புல."

எல்லாம் உண்மை. ஒவ்வொன்றும் நான் சொன்னது. இங்கிலாந்துப் பனியில் நின்றுகொண்டு, ஐந்து நிமிட போனில், அம்மா என்ன சமைத்தார் என்றுகூடக் கேட்காமல், இந்த உத்தரவுகளைத்தான் வருடக்கணக்கில் போட்டிருக்கிறேன். நான் மறந்துவிட்டேன். அவர் ஒன்றைக்கூட மறக்கவில்லை.

அம்மா கட்டிலிலிருந்து மெதுவாகச் சொன்னார். "அவரத் திட்டாதே கண்ணு. உன்ற சாமான் கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் அவருக்கு வெசனம். எனக்கு பஸ்ஸு தேவலை. சன்னலோரம் காத்தாச்சும் வரும்."

உன்ற சாமான் என்றார். பதினைந்து வருடமாக அந்த வீட்டில் அவர்களுக்கு ஒரு கார் இருக்கவே இல்லை. என்னுடைய கார் ஒன்றுக்கு அவர்கள் காவல் இருந்திருக்கிறார்கள். கஞ்சன் என்று நினைத்தேனே, அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

நிலாவுக்கு போன் செய்தேன். யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. தாத்தா என்னென்ன செய்திருக்கிறார் பார் என்று நியாயம் கேட்கிற மாதிரியே ஆரம்பித்தேன், பழக்கம் விடுமா? அவள் கடைசிவரை கேட்டுவிட்டு இங்கிலீஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்படீன்னா அது தாத்தாவோட கார் இல்லையா?" சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

5

மயில்சாமி எட்டு நாள் வேலை செய்தான். பிரேக் முழுவதும் புதுசு, டயர் நான்கும் புதுசு, பெட்ரோல் குழாய், பேட்டரி, எலி கடித்த ஒயர். நானும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனோடு அடியில் படுத்தேன். அந்த எட்டு நாளும் அம்மா பஸ்ஸில்தான் போனார்.

பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முறைப்படி செய்வதென்றால் அந்தப் பக்கம் தடையில்லாச் சான்று வாங்கி, இந்தப் பக்கம் வரி கட்டி, கேரள நம்பர் போட்டு, அப்பா பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். எனக்கு மிச்சம் இருந்தது பத்து நாள். ஆகவே முதலில் கார் பதிவான அலுவலகத்துக்கே பழைய விலாசத்தோடு போய் நின்றேன். அந்த விலாசத்தில் இருந்த என் மாமன் வீட்டை விற்றுவிட்டுப் போய் ஏழு வருடம் ஆகிறது. அங்கே இப்போது ஒரு செல்போன் கடை.

"இந்த விலாசத்துலதான் குடியிருக்கீங்களா சார்?" என்று குமாஸ்தா கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

குண்டுமணி பல்புக்காக மனிதர்களைத் திருப்பி அனுப்புகிற யோக்கியன், செல்போன் கடையில் குடியிருக்கிறேன் என்று கண்ணிமைக்காமல் சொன்னேன். காரைப் பார்க்க வந்த ஆய்வாளர் சின்ன வயதுப் பெண். நான் பார்க்கிற மாதிரியே எல்லாவற்றையும் பார்த்தாள், குனிந்தும் பார்த்தாள். கடைசியில், "சார், நம்பர் பிளேட் லைட் எரியலை. மாத்திட்டு நாளைக்குக் கொண்டு வாங்க" என்றாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஃபெயில். மறுநாள் பல்பை மாட்டிக்கொண்டு மறுக்கா போனேன். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். கேரளாவுக்கு மாற்றுவதற்கான மனுவையும் கொடுத்துவிட்டு வந்தேன், அது எப்போது நகரும் என்று தெரியாது.

கடைசி வாரம் இரண்டு தடவையும் அப்பா ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்ரோட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டிராக்டர் ஓட்டிய கை, நன்றாகவே ஓட்டினார். அம்மா பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு தூங்கினார். பொள்ளாச்சி வந்ததும் எழுப்பினால், "அதுக்குள்ள வந்தாச்சா?" என்றார். 

கிளம்புகிற அன்று அப்பாவிடம் சாவியைக் கொடுத்துச் சொன்னேன். "இனி நான் சொன்னது ஒண்ணும் கெடையாதுங்கப்பா. தேங்கா ஏத்துங்க. யாருக்கு வேணும்னாலும் குடுங்க. வெயில்ல போடுங்க. இது உங்க வண்டி."

"சரி கண்ணு" என்றார். நான் எது சொன்னாலும் அவர் சரி என்றுதான் சொல்வார்.

6

இங்கே திரும்பி வந்த மூன்றாவது வாரம், திங்கட்கிழமை மத்தியானம், வேலை நேரத்தில் அப்பா போன் செய்தார். மேடையில் ஏற்றிய ஒரு காருக்கு அடியில், கையில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வேலையா இருக்கறயா கண்ணு?"

"சொல்லுங்கப்பா."

"ஒண்ணுமில்ல. இன்னைக்கு மிஷினு போட்டுட்டு வர்றப்ப உங்கம்மாளுக்கு நெம்ப முடியாமப் போயிருச்சு. நான் ஓரங்கட்டறதுக்குள்ள வாந்தி எடுத்துட்டா. பின்னாடி சீட்டு முச்சூடும் ஆயிப்போச்சு. கழுவி உட்டுட்டேன். நீ ஒண்ணும் நெனச்சுக்காதே."

நான் என்ன சொன்னேன் என்று எழுதத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

"எதுலீங்கப்பா கழுவுனீங்க? ஹோஸப் புடிச்சு அடிச்சீங்களா? உள்ளாற தண்ணி எறங்குனா ஸ்பாஞ்ச் நாறிப்போகுமுங்களே. சீட்டுக்கு அடியில ஒயரெல்லாம் போகுது."



"இல்ல சாமி. ஈரத்துணியிலதான் தொடச்சேன். நெழல்லதான் நிறுத்தி கதவத் தொறந்து உட்டிருக்கறேன்."

"சரிங்கப்பா, நல்லாக் காயட்டும்" என்றேன்.

"செரி, வெச்சர்றேன்" என்றார்.

அந்தக் காரை ஃபெயில் செய்து, அடுத்த காரை ஏற்றி, டீ குடித்து, வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. அங்கே எல்லோரும் தூங்கியிருப்பார்கள். மறுநாள் கூப்பிட்டேன். அம்மாவே எடுத்து, எனக்கு ஒண்ணுமில்லை கண்ணு, நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்கென்று சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை விடிகாலை நாலரைக்கே எழுந்து அப்பாவைக் கூப்பிட்டேன், அங்கே மணி ஒன்பது. அது வைகாசி. எங்கள் பக்கத்தில் அந்த வெயிலுக்கு நனைந்த ஜமுக்காளம் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். போனில் அவர் குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சலாக இருந்தது, யாரோ விசில் ஊதினார்கள்.

"எங்கீங்கப்பா இருக்கறீங்க?"

"பஸ்ஸுல போயிட்டிருக்கறோம் கண்ணு" என்றார். "சீட்டு இன்னும் காயல."